பராக்கு பார்க்கும் வம்சம்

மதியச் சாப்பாடு பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கி ஒன்றேகாலுக்கு முடிந்தது. முடிந்தது என்றால் கிண்ணம் காலியானது என்று அர்த்தமில்லை; ஊட்டியவன் எழுந்துவிட்டான் என்று அர்த்தம்.

மசித்த கேரட்டும் உருளைக்கிழங்கும் கிண்ணத்தில் அப்படியே இருந்தன. ஐந்து ஸ்பூன்தான் குறைந்திருந்தது. அதில் இரண்டு சிட்டுவின் வயிற்றுக்குள் போயிருந்தது. ஒன்று அவள் காதுக்குள். ஒன்று நாற்காலி பெல்ட்டின் இடுக்கில். ஐந்தாவது எங்கே போனது என்று அவள் அப்பாவுக்குத் தெரியவில்லை. சாயந்திரம் சட்டையைக் கழற்றியபோது தெரிந்தது.

சிட்டுவுக்குப் பத்து மாதம். பசி இல்லாத குழந்தை இல்லை அவள். முதல் ஸ்பூனைப் பார்த்ததும் கை காலை உதைத்துக்கொண்டு வாயைத் திறப்பாள். ஸ்பூன் மேசையிலிருந்து அவள் வாய்க்கு வந்து சேர்வதற்குள் எங்கோ குழாய் சொட்டும். அவ்வளவுதான். குழாய் இருக்கும் திசைக்குத் தலை திரும்பிவிடும், வாய் மூடிவிடும், கேரட் கன்னத்தில் போய் உட்காரும். பிறகு சாப்பாடு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே அவள் மறந்துபோவாள். அரை மணி கழித்துப் பசியில் வீறிட்டு அழும்போது, யாரோ தன்னைப் பட்டினி போட்டுவிட்டது போல அப்பாவைப் பார்ப்பாள்.

அவனுக்கு இது கூடுதலாக உறுத்தியதற்குக் காரணம் அவனுடைய உத்தியோகம். அவன் டிரைவிங் டெஸ்ட் எடுக்கும் அதிகாரி. பதினோரு வருடமாகப் பிறர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர்கள் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். கண் சாலையை விட்டு நகர்ந்தால் கையிலிருக்கும் தாளில் ஒரு கோடு போடுவான். கோடுகள் அதிகமானால், "அப்படியே ஓரமா நிறுத்துங்க" என்பான், குரல் உயராமல். அதனால் ஊருக்குள் அவனுக்கு ஓரங்கட்டு சார் என்று பெயர். அது தனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பதும் அவனுக்குத் தெரியும்.

மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது இவன் ஆறு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டான். அவள் காலை ஏழு மணிக்குப் போய் நாலரைக்குத் திரும்புவாள். இடையில் மூன்று வேளை ஊட்ட வேண்டியது இவன் பொறுப்பு. ராத்திரிச் சாப்பாட்டை அவள் ஊட்டுவாள். அந்நேரம் சிட்டு பாதித் தூக்கத்தில் இருப்பதால் எதையும் பார்க்காமல் சாப்பிட்டுவிடுவாள். "எங்கிட்ட ஒழுங்காத்தானே சாப்பிடறா" என்று மனைவி சொல்வாள். தூங்குபவர்களுக்கு அவன் டெஸ்ட் எடுத்ததில்லை.

இரண்டாம் வாரம் அவன் ஆபீஸ் முறைப்படி இறங்கினான். ஒரு தாளை எடுத்து, சிட்டு தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் கோடு போட்டு, எதற்காகத் திரும்பினாள் என்று பக்கத்தில் எழுதினான். ஒரு மதியத்தில் முப்பத்தொரு கோடு. குழாய், ஃபிரிட்ஜின் உறுமல், மாடிப்படியில் யாரோ இருமியது, சுவர்க் கடிகாரம், ஜன்னலில் புறா, அப்பாவின் மீசை. ஒன்பது கோடுகளுக்குக் காரணம் தெரியவில்லை. ஒரு கோடு, அவன் கோடு போட்டதைப் பார்ப்பதற்காகத் திரும்பியது.

ஒவ்வொன்றாக நீக்கினான். குழாய்க்கு வாஷர் மாற்றினான். கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தான். சாப்பாட்டு நேரத்தில் ஃபிரிட்ஜின் சுவிட்சை அணைத்தான். எதிர் மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டு மூடினான். மீசையையும் எடுத்துவிட்டான். அன்று சாயந்திரம் கதவைத் திறந்த மனைவி ஒரு விநாடி தயங்கி, "வீடு மாறி வந்துட்டேனோன்னு பார்த்தேன்" என்றாள். சிட்டு அவனுடைய மேலுதட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாள்.

கடைசியாக, ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமுக்குள் நாற்காலியைக் கொண்டுபோய் வெள்ளைச் சுவரைப் பார்த்து வைத்தான். சிட்டு சுவரில் விழுந்த ஸ்பூனின் நிழலைப் பார்த்தாள். ஸ்பூன் கிட்டே வரவர நிழல் பெரிதானது. அது அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. மூன்று ஸ்பூன் சாப்பிட்டாள்.

மாதாந்திர எடை பார்க்க கிளினிக்குக்குப் போனபோது நர்ஸ் முள்ளைப் பார்த்துவிட்டுப் பழைய அட்டையைப் பார்த்தாள்.

"ஒரு மாசத்துல எண்பது கிராம்தான் ஏறியிருக்கு. நல்லா இருக்கா, பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா அடுத்த மாசமும் இப்படியே இருந்தா டாக்டரைப் பார்க்கணும். சாப்பிடறாளா?"

"வேடிக்கை பார்க்கறா."

"அந்த வயசுதான். அவ சாப்பிடறப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அவளையே பார்த்துக்கிட்டிருப்பேன்."

"உங்களை ஒருத்தர் அப்படிக் கண்கொட்டாம பார்த்துக்கிட்டிருந்தா உங்களுக்கு இறங்குமா சார்?"

"என் வேலையில நான் அப்படித்தான் பார்ப்பேன்."

"அதுல எத்தனை பேர் தேறுவாங்க?"

அவன் யோசித்து, "பத்துக்கு நாலு" என்றான்.

நர்ஸ் அட்டையில் எடையை எழுதிக் கையில் கொடுத்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி, "அப்பா வர்றாரு. ஒரு பத்து நாள் இருப்பாரு" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மாதான். பேத்தியைப் பார்க்க."

அவன் தட்டைக் கழுவப் போனான். மாமனார் வருவதில் அவனுக்கு ஆட்சேபணை இல்லை. மாமனார்தான் ஒரு வருடமாக அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

விஷயம் இதுதான். எழுபது வயதைத் தாண்டியவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். மாமனார் ஓட்டிக் காட்ட வந்த அன்று ஆபீஸில் இருந்த இன்னொரு அதிகாரிக்குப் பல்வலி. உறவுக்காரருக்கு நான் டெஸ்ட் எடுக்கக் கூடாதே என்று இவன் மேலதிகாரியிடம் போய் நின்றான். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "ரத்த சம்பந்தம்னுதான் போட்டிருக்கு. மாமனாருக்கும் உனக்கும் ரத்தத்துல என்ன சம்பந்தம்? போ" என்று அனுப்பிவிட்டார்.

மாமனார் நன்றாகத்தான் ஓட்டினார். பாதி வழியில், ஒரு திருப்பத்துக்கு முன்னால், இடப்பக்கம் மேலே எதையோ பார்த்தார். பார்த்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்கு விநாடி. இவன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். பிறகு, "அப்படியே ஓரமா நிறுத்துங்க மாமா" என்றான். மாமனார் நிறுத்தினார். இறங்கினார். கார் சாவியை இவன் மடியில் போட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். மறுபடி ஓட்டிக் காட்ட அவர் வரவே இல்லை. சிட்டு பிறந்தபோது வந்தார், குழந்தையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தாதியிடம்கூட நாலு வார்த்தை பேசினார். இவனிடம் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை இரண்டு பஸ் மாறி மாமனார் வந்து சேர்ந்தார். உயரமான, ஒல்லியான மனிதர். முப்பத்தொரு வருடம் கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டியவர். கீழே நிற்பவர்கள் அவருக்கு எப்போதும் கட்டைவிரல் அளவுதான் என்பதால், யாரோடு பேசினாலும் கொஞ்சம் குனிந்து உற்றுப் பார்த்துத்தான் பேசுவார். பையை வைத்தார், கை கழுவினார், சிட்டுவின் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சிட்டு, உங்கப்பாகிட்ட கேளு, குடிக்க வெந்நீர் இருக்கான்னு."

சிட்டு அவரைப் பார்த்தாள்.

"தாத்தாகிட்ட சொல்லு, ஃபிளாஸ்க்ல இருக்கு" என்றான் அவன்.

சிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஃபிளாஸ்க் எங்க இருக்குன்னு கேளு."

இப்படியே அன்று முழுக்கப் போனது. இன்னும் பேச்சு வராத குழந்தை இரண்டு பேருக்கும் இடையில் தபால்காரி ஆனாள். மதியச் சாப்பாட்டில் தலை திரும்பிய கணக்கு நாற்பத்தாறு. அவன் தாளைப் பார்த்தான், மாமனாரும் எட்டிப் பார்த்தார்.

"சிட்டு, உனக்கும் கோடு போடறாரா உங்கப்பா? பொறு, பொறு. இன்னும் என்னென்ன பார்க்கப் போறியோ" என்றார்.

மறுநாள் காலை அவன் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது எதிர் மனைப் பக்கத்து ஜன்னலின் திரை முழுவதும் விலக்கப்பட்டிருந்தது. சிட்டுவின் நாற்காலி ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. பக்கத்தில் மாமனார். இரண்டு பேரும் ஒரே கோணத்தில் தலையை அண்ணாந்து, கட்டடத்துக்கு மேலே நின்ற மஞ்சள் கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஒரே மண்டையைப் பெரிதும் சின்னதுமாகச் செய்துவைத்தது போலிருந்தது. எத்தனை நாள் பாடுபட்டு மூடிய ஜன்னல். பாலை மேசையில் வைத்தான், கொஞ்சம் சத்தமாக.

மாமனார் திரும்பவில்லை. "இப்ப பாரு, கொக்கியை இறக்குவான். கீழ இருக்கறவன் கட்டுவான். கட்டிட்டானா? கை காட்டுவான். இப்ப தூக்கறான் பாரு."

சிமெண்ட் பலகை ஒன்று தரையிலிருந்து மெல்ல எழும்பியது. சிட்டு அதைப் பார்த்தாள். அது எழும்ப எழும்ப அவள் முகமும் எழும்பியது. முகம் எழும்ப எழும்ப அவள் வாய் திறந்தது. ஆவென்று வாயைப் பிளந்து வேடிக்கை பார்ப்பது என்று சொல்வார்களே, அதைச் சொல்லுக்குச் சொல் செய்துகொண்டிருந்தாள்.

மாமனார் ஸ்பூனை எடுத்து அந்தத் திறந்த வாய்க்குள் வைத்தார். சிட்டு பார்வையை எடுக்காமல் விழுங்கினாள். பலகை இன்னும் மேலே போனது. இன்னொரு ஸ்பூன். பலகை ஐந்தாவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் கிண்ணத்தில் பாதி காலியாகிவிட்டது. கிரேன் மறுபடி இறங்கிய இடைவேளையில் அவள் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

அவன் பால் காய்ச்சப் போனான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டின் சாப்பாட்டு நேரத்தைக் கிரேன் தீர்மானித்தது. காலையில் எட்டு மணிக்கு முதல் பாரம் ஏறும், அது கஞ்சி. பதினொன்றே காலிலிருந்து பன்னிரண்டுக்குள் கம்பிக் கட்டுகள் போகும், அது கேரட். பன்னிரண்டுக்குக் கிரேன் ஓட்டுபவன் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து டப்பாவைத் திறப்பான். அதற்கு மேல் ஊட்ட முடியாது. மூன்றரைக்குச் செங்கல், அது வாழைப்பழம். மாமனார் பாரத்தைப் பார்த்தே சொல்லுவார். "இது கனம். மெதுவாத்தான் ஏத்துவான். ஆறு ஸ்பூன் போகும்." ஆறு ஸ்பூன் போகும். அவன் தாளை மடித்து இழுப்பறையில் போட்டான். நான்கு நாளில் சிட்டுவின் கன்னத்தில் பிடிக்க ஏதோ வந்தது. மனைவியிடம் யாரும் விளக்கம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, ஜன்னலின் திரை எங்கே என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

சனிக்கிழமை காலை காற்று அடித்தது. சாதாரணக் காற்று இல்லை, கதவைத் திறந்தால் கையோடு பிடுங்கும் காற்று. மாமனார் ஜன்னலருகில் நின்று மேலே பார்த்தார். கிரேனின் நீண்ட கை காற்றுப் போன போக்கில் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கூண்டில் ஆள் இல்லை.

"இன்னிக்கு ஏற மாட்டான்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "இந்தக் காத்துல ஏத்தவும் மாட்டாங்க. கையைத் திருப்பற பூட்டை எடுத்துட்டு, காத்து போற பக்கம் விட்டுருவாங்க."

காலைக் கஞ்சிக் கிண்ணம் போனது போனபடி திரும்பி வந்தது. சிட்டு கிரேனைப் பார்த்தாள், அது ஒன்றையும் தூக்கவில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மனைவிக்கு அந்த வார இறுதியிலும் வேலை இருந்தது. மதியம் இரண்டு ஆண்களும் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்துக்கொண்டு மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். நடுவில் சிட்டு. அவளுக்கு முன்னால் நிறையக் கேரட். பன்னிரண்டு தடவை ஸ்பூனை நீட்டிப் பன்னிரண்டு தடவையும் துடைத்த பிறகு அவனுக்குப் பொறுமை போனது.

"நல்லாப் பழக்கி வெச்சீங்க மாமா. காத்தடிச்சா பட்டினி."

ஒரு வருடத்தில் மாமனாரைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. மாமனார் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"சிட்டு, உங்கப்பாகிட்ட..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். அவனைப் பார்த்தார். "நான் வராம இருந்திருந்தா நீங்க குழந்தையை ஸ்டோர் ரூம்ல வெச்சு வளர்த்திருப்பீங்க."

"ஸ்டோர் ரூம்ல ஊட்டினது ஒரே ஒரு நாள். இதை யாரு சொன்னா?"

"என் பொண்ணு சொன்னா. மீசையை எடுத்ததையும் சொன்னா."

"மீசையில உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. கண்ணு எங்க போகுதுன்னு பார்க்கறது ஒண்ணுதான் உங்களுக்குத் தெரியும். ஏன் போகுதுன்னு கேட்கத் தெரியாது."

"நாலு விநாடி மாமா. நாற்பது கிலோமீட்டர் வேகத்துல நாலு விநாடின்னா நாற்பத்திநாலு மீட்டர். கண்ணை மூடிக்கிட்டு நாற்பத்திநாலு மீட்டர் ஓட்டியிருக்கீங்க."

"மூடலை. திறந்துதான் இருந்துச்சு. வேற பக்கம் இருந்துச்சு."

குரல்கள் உயரவில்லை. இரண்டு பேருக்குமே கத்திப் பழக்கமில்லை. ஒருவருக்கு வேலையில் கத்தக் கூடாது, இன்னொருவர் கத்தினாலும் கேட்காத உயரத்தில் வேலை பார்த்தவர். ஆனால் வார்த்தைகள் வந்த வேகம் அப்படி. சிட்டு பேசுபவர் பக்கமெல்லாம் திரும்பினாள், மேசை விசிறி போல, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு. இடையில் அவள் வாய் திறந்தே இருந்தது. அவன் கையில் ஸ்பூன் இருந்தது. முதல் வாய் எப்போது ஊட்டினான் என்று அவனுக்கே தெரியாது. மாமனார் பேசும்போது இவன் ஊட்டினான். இவன் பேசும்போது மாமனார் கிண்ணத்தை இழுத்துக்கொண்டு ஊட்டினார். மேலதிகாரி, பல்வலி, விதிப் புத்தகம், ரத்த சம்பந்தம் என்று போய்க்கொண்டிருந்த பேச்சு, ஸ்பூன் கிண்ணத்தின் அடியில் 'கரக்'கென்று உரசிய சத்தத்தில் நின்றது.

இருவரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று சிட்டு தட்டைத் தட்டினாள்.

மூன்றரை மணிக்கு வாழைப்பழம். அவன் முதலில் வேறு வழி தேடிப் பார்த்தான். நல்லவிதமாகப் பேசிப் பார்த்தார்கள்: காற்று எப்போது நிற்கும், முட்டை நன்றாக வெந்திருந்தது. சிட்டு வாஷர் மாற்றிய குழாயைப் பார்க்கத் தொடங்கினாள். அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"மாமா, ஆரம்பிக்கலாமா?"

"எங்க விட்டோம்?"

"திருப்பத்துல."

"திருப்பத்துக்கு முன்னாடி சிக்னல்ல நீங்க மூச்சு விட்ட விதம் எனக்குப் பிடிக்கலை. அதையே நான் இன்னும் சொல்லலை."

வாழைப்பழம் எட்டு நிமிடத்தில் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் காற்று நிற்கவில்லை. அதற்குள் இன்னொன்று தெரியவந்தது: ஒப்புக்குச் சண்டை போட்டால் சிட்டு ஏமாற மாட்டாள். காலையில், ஏற்கெனவே பேசித் தீர்ந்த பல்வலி விஷயத்தை மறுபடி எடுத்தார்கள். வசனம் ஒப்பிப்பது போல வந்தது. அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். ஆக, ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக, உண்மையாக, உள்ளுக்குள் இருந்ததை எடுத்துத்தான் ஆக வேண்டும். டெஸ்ட் தீர்ந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் ஒன்றரை மணி தாமதமாக வந்ததை மாமனார் எடுத்தார். அது கஞ்சிக்குப் போதுமானதாக இருந்தது. வீடு மாறியபோது தன்னிடம் கேட்காமல் மாமனார் வாங்கி அனுப்பிய சோஃபா வாசல் வழியாக நுழையாமல், கைப்பிடியை அறுத்து உள்ளே கொண்டுவந்ததை இவன் சொன்னான். மாமனாருக்கு அது தெரியாது. எழுந்துபோய் சோஃபாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்கே ஏழு ஸ்பூன் போனது. போனில் பேசும்போது மகள் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லும் குரலில் ஒரு தயக்கம் இருக்கிறது, அது யாரால் என்று மாமனார் கேட்டார். அது உங்களால்தான், நீங்கள் என்னைப் பற்றி விசாரிக்கும்போது மட்டும்தான் அப்படித் தயங்குவாள் என்று இவன் சொன்னான். சிட்டு இரண்டாவது கிண்ணம் கேட்டாள்.

திங்கட்கிழமை மதியம் கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்திருந்தது. அவன் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒரு வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டான்.

"அன்னிக்கு அப்படி என்னத்தைப் பார்த்தீங்க?"

"கேட்கவே மாட்டீங்களான்னு இருந்தேன்" என்றார் மாமனார். "அங்க ஒரு கட்டடம். கம்பிக் கட்டைத் தூக்கிக்கிட்டிருந்தான். ரெண்டு இடத்துல கட்டித் தூக்கணும். அவன் ஒரே இடத்துல கட்டியிருந்தான். ஒரு பக்கம் சாய ஆரம்பிச்சிருச்சு."

"சரி."

"எனக்கு ஒரு தடவை அப்படி நழுவியிருக்கு. நான் மேல கூண்டுல. கீழ ஒருத்தன் அண்ணாந்து பார்க்காம நடந்து வர்றான். நான் கத்தறேன். யாருக்குக் கேட்கும்? அவன் செருப்பு கழண்டுருச்சுன்னு நின்னான். அதனால பிழைச்சான். அதுலேர்ந்து சாயற பாரத்தைப் பார்த்தா, அது இறங்கற வரைக்கும் என்னால கண்ணை எடுக்க முடியாது."

அவன் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தான். பிறகு சொன்னான்: "நீங்க மேல பார்த்துக்கிட்டிருந்தப்ப முன்னாடி ரோட்டைக் கடக்க ஒரு பொண்ணு நின்னுச்சு. கடக்கலை. நின்னுச்சு, அவ்வளவுதான். வயித்துல குழந்தை. உங்க பொண்ணுக்கும் அப்ப எட்டு மாசம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க கார்லதான் வருவா."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"டெஸ்ட் நடக்கறப்ப சொந்த விஷயம் பேசக் கூடாது மாமா."

மாமனார் தலையை ஆட்டினார். விதி என்றால் விதி. அது அவருக்கும் புரிகிற விஷயம்தான்.

இந்தப் பேச்சு தணிந்த குரலில் நடந்ததால் சிட்டுவுக்கு ருசிக்கவில்லை. அவள் தாத்தாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நான்கு ஸ்பூன் வீணானது. மாமனார்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "ஆனாலும் நீங்க 'மாமா'ன்னு சொல்லி ஓரங்கட்டியிருக்க வேண்டாம். 'சார்'ன்னு சொல்லியிருக்கணும்" என்றார். மீதிக் கேரட் அதில் போனது.

அன்று மூன்றரை மணிக்கு வாழைப்பழத்தோடு உட்கார்ந்தபோது இருவரிடமும் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. சில்லறைகளைத் தேடி எடுத்தார்கள். குளியலறையில் மாமனார் துண்டைக் காயப்போடாமல் விடுவது. இவன் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பது. ஆனால் பழக்கதோஷத்தில் இப்போது வேகத்தோடு சத்தமும் கூடியிருந்தது.

மனைவிக்கு அன்று பரிசோதனைக் கூடத்தில் ஏதோ இயந்திரம் பழுதாகி, ஒரு மணி நேரம் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். இரண்டாம் மாடி வளைவில் வரும்போதே அவளுக்குக் குரல்கள் கேட்டன. அப்பாவின் குரல். அதற்கு மேல் கணவனின் குரல். "உங்களுக்கு அடுத்தவன் சொல்றதைக் கேட்டுப் பழக்கமே இல்ல மாமா" என்பது தெளிவாகவே கேட்டது. ஒரு வருடமாக அவள் எதற்குப் பயந்தாளோ அது நடந்துகொண்டிருந்தது. மீதிப் படிகளை இரண்டிரண்டாக ஏறி வந்து கதவைத் திறந்தாள்.

அப்பா ஒரு பக்கம், கணவன் ஒரு பக்கம். நடுவில் அவள் மகள், தாடை வரை வாழைப்பழம் வழிய, அமைதியாக மென்றுகொண்டிருந்தாள்.

"என்ன நடக்குது இங்க?" என்றாள்.

சிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள். வாய் மூடிக்கொண்டது. ஸ்பூன் கன்னத்தில் மோதியது.

"நிறுத்திட்டியே" என்றார் மாமனார்.

"என்னங்க இது? ரெண்டு பேரும் சண்டை போடறீங்களா?"

"சண்டை இல்ல. ஊட்டிக்கிட்டிருக்கோம்" என்றான் அவன். "மூணு நாளா இப்படித்தான். காத்து நிக்கற வரைக்கும்."

அவள் ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தாள். இருவர் முகத்திலும் கோபத்தின் சுவடே இல்லை. நாள் முழுக்க வேலை செய்தவர்களின் களைப்புதான் இருந்தது.

"இன்னும் மூணு ஸ்பூன் இருக்கு. எங்களுக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு" என்றார் மாமனார். "உனக்கு ஏதாவது குறை இருந்தா சொல்லேன். நெசமானதா இருக்கணும். இல்லேன்னா அவ சாப்பிட மாட்டா."

அவள் கைப்பையைத் தோளிலிருந்து எடுத்து வைத்தாள். நாற்காலியை இழுத்து இரண்டு பேருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். முழங்கைகளை மேசையில் ஊன்றினாள்.

"யார்கிட்டேர்ந்து ஆரம்பிக்கட்டும்?" என்றாள்.

தன் அப்பாவிடமிருந்து ஆரம்பித்தாள். சிட்டுவின் வாய் திறந்தது. கிண்ணம் இரண்டு நிமிடத்தில் காலியானது. அதன் பிறகும் மனைவி நிறுத்தவில்லை.